டிஷ் நிஜமா எங்க பாக்குது? ரேடியோ டெலஸ்கோப்போட பாயிண்டிங் பிழையும் அதைத் திருத்துற கணக்கும்

ரேடியோ டெலஸ்கோப்ப ஒரு கேலக்ஸி பக்கம் திருப்பச் சொன்னா, கம்ப்யூட்டர் அந்த நேரத்துக்கு அசிமத் (வடக்கேருந்து சுத்தி அளக்கற திசைக் கோணம்) எவ்வளவு எலிவேஷன் (அடிவானத்துலேருந்து மேல எவ்வளவுங்கற கோணம்) எவ்வளவுன்னு கணக்குப் போட்டு மோட்டாருக்கு அனுப்பும், மோட்டார் திருப்பும், என்கோடர் "வந்து சேர்ந்தாச்சு"ன்னு சொல்லும். எல்லாரும் அதை நம்பிட்டு டேட்டா எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. ஆனா என்கோடருக்குத் தெரிஞ்சது தண்டு எவ்வளவு சுத்தியிருக்குங்கறது மட்டும்தான். அதுக்கு மேல இருக்கற ஆயிரக்கணக்கான டன் இரும்பு எப்படி வளைஞ்சிருக்கு, ரிசீவர் சரியா ஃபோகஸ்ல உக்காந்திருக்கா, வர்ற ரேடியோ அலை காத்து மண்டலத்துல எவ்வளவு வளைஞ்சு வருது, இது எதுவும் அதுக்குத் தெரியாது.

ஒளியைப் பாக்கற டெலஸ்கோப்புல கேமரா இருக்கு, படத்துல நாலு நட்சத்திரம் விழுந்தாலே எங்க பாக்கறோம்னு கண்டுபிடிச்சுடலாம். ஒத்த பீம் (டிஷ் ஒரு நேரத்துல வானத்துல பாக்கற சின்ன வட்டம்) ரேடியோ ரிசீவர்ல அந்த வசதி கிடையாது, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு நம்பர்தான் வரும். டிஷ் கொஞ்சம் தப்பா பாத்தா அந்த நம்பர் கொஞ்சம் கம்மியாகும், அவ்வளவுதான். "நான் தப்பா பாக்கறேன்"னு எந்த எச்சரிக்கையும் வராது. அந்த சோர்ஸே (நாம பாக்கற பொருளே) மங்கல் போலன்னு நினைச்சு அப்படியே பேப்பர்ல எழுதிடலாம்.

எவ்வளவு தப்பு தாங்கும்ங்கறது பீமோட அகலத்தைப் பொறுத்தது. அகலம் ஏறக்குறைய அலைநீளத்தை டிஷ் விட்டத்தால வகுத்து 1.2ஆல பெருக்கினா வர்ற ரேடியன். புனே பக்கத்துல இருக்கற ஜிஎம்ஆர்டி ரேடியோ டெலஸ்கோப்போட 45 மீட்டர் டிஷ் 150 மெகாஹெர்ட்ஸ்ல பாக்கும்போது பீம் சுமார் 3 டிகிரி, அங்க ஒரு ஆர்க்மினிட் (டிகிரியில 60ல ஒரு பங்கு) தப்பினா யாரும் கண்டுக்க மாட்டாங்க. அமெரிக்காவுல இருக்கற க்ரீன் பேங்க் டெலஸ்கோப், 100 மீட்டர் விட்டம், 90 கிகாஹெர்ட்ஸ்ல பாத்தா பீம் 8 ஆர்க்செகண்டுக்குக் கொஞ்சம் மேலதான் (ஒரு ஆர்க்செகண்ட்னா டிகிரியில 3600ல ஒரு பங்கு). பீம மணி மாதிரி வளையற காஸியன் வடிவம்னு வெச்சுக்கிட்டா, அகலத்துல பத்துல ஒரு பங்கு தள்ளிப் பாத்தா சிக்னல் 3 சதவீதம் போகும், அஞ்சுல ஒரு பங்குன்னா 10 சதவீதம், மூணுல ஒரு பங்குன்னா 26 சதவீதம். அதனாலதான் பீம்ல பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும்ங்கறது கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் இலக்கு. க்ரீன் பேங்குக்கு 90 கிகாஹெர்ட்ஸ்ல அப்படின்னா ஒரு ஆர்க்செகண்டுக்கும் கீழ, அத்தனை பெரிய இரும்பு மலையை வெச்சுக்கிட்டு!

இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. மேல சொன்ன 3 சதவீதம் சோர்ஸ் பீம் நடுவுல இருக்கணும்னு நினைக்கும்போதுதான், ஏன்னா உச்சியில பீம் தட்டையா இருக்கும். பெரிய பரப்பைத் துண்டு துண்டா பாத்து ஒட்டுற மொசைக் வேலையில சோர்ஸ் பாதி பவர் இருக்கற சரிவுல உக்காந்திருக்கும், அங்க அதே பத்துல ஒரு பங்கு தப்பு கிட்டத்தட்ட 14 சதவீத புள்ளி ஏத்தி இறக்கிடும். நல்ல பாயிண்டிங்னு பேர் வாங்கின டெலஸ்கோப்புல கூட மொசைக் படம் கரடுமுரடா வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

சரி, பிழை எங்கேருந்து வருது? அசிமத், எலிவேஷன்னு ரெண்டு அச்சுல திரும்பற ஆல்ட்-அஸ் மவுண்ட்ட எடுத்துப்போம், இன்னைக்குப் பெரிய டிஷ் எல்லாம் பெரும்பாலும் அதுதான். ரெண்டு என்கோடரோட பூஜ்யம் சரியான எடத்துல இருக்காது, அது ரெண்டு டெர்ம் (கணக்குல வர்ற உறுப்பு). பீம் எலிவேஷன் அச்சுக்கு சரியா 90 டிகிரியில நிக்காது, அதுக்குப் பேரு காலிமேஷன். எலிவேஷன் அச்சே அசிமத் அச்சுக்கு செங்குத்தா இருக்காது, அது ஒண்ணு. அசிமத் அச்சு செங்குத்தா நிக்காம வடக்கு தெற்கா கொஞ்சம், கிழக்கு மேற்கா கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், அது ரெண்டு. புவியீர்ப்புல டிஷ்ஷும் ஃபீட் (டிஷ் குவிக்கற அலையை வாங்கி ரிசீவருக்குத் தர்ற பகுதி) கால்களும் தொங்குறது எலிவேஷனோட காஸ் (கொசைன்) மாதிரி மாறும், இது ஒண்ணு. ஆக மொத்தம் ஏழு. ஒவ்வொண்ணும் வானத்துல ஒரு தனி வடிவத்துல தெரியும்: அச்சு சாய்வு எலிவேஷன் பிழையில அசிமத்தோட சைன் அலை மாதிரி ஏறி இறங்கும், அசிமத் பக்கத்துல அதே சாய்வு எலிவேஷனோட டேன்ஜென்ட்டால பெருகி வரும். தப்பு எல்லாம் சின்னதுங்கறதால இதையெல்லாம் சும்மா கூட்டிக்கலாம், அதனால கணக்கு நேர்கோட்டுக் கணக்காயிடுது, லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (பிழைகளோட வர்க்கக் கூட்டுத்தொகை ரொம்பக் கம்மியா வர்ற மாதிரி பொருத்தற முறை) போட்டா ஏழு நம்பரும் ஒரே தடவையில வந்துடும். 1970கள்லேருந்து அடிப்படை இதுதான், அப்புறம் வந்ததெல்லாம் இதுக்கு மேல போட்ட மெருகு.

இங்கதான் பலபேர் ஏமாறுறாங்க. கணக்கு சுலபம், ஆர்எம்எஸ் (மிச்சப் பிழையோட சராசரி அளவு) சின்னதா வர வைக்கறதும் சுலபம், ஆனா வந்த நம்பர் எதைச் சொல்லுதுங்கறதுதான் கஷ்டம்.

ஒரு உதாரணம். அசிமத் திசையில வானத்துமேல விழுற பிழையை எடுத்துக்கோங்க. என்கோடர் பூஜ்யம் எலிவேஷனோட காஸ் மாதிரி வரும், அச்சு செங்குத்தில்லாத பிழை சைன் மாதிரி வரும், காலிமேஷன் மாறாம நிக்கும். இப்ப நீங்க அளந்த சோர்ஸ் எல்லாம் 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல மட்டும் இருக்குன்னு வைங்க. அந்த இடைவெளியில காஸையும் சைனையும் கூட்டினா 1.37லேருந்து 1.41 வரைக்கும்தான் மாறும், அதாவது கிட்டத்தட்ட ஒரு மாறிலி. அதனால பூஜ்யப் பிழை 100 ஆர்க்செகண்ட், செங்குத்துப் பிழை 100, காலிமேஷன் மைனஸ் 139ன்னு ஒரு மாடல் போட்டாலும், மூணும் பூஜ்யம்னு போட்டாலும் ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டரை ஆர்க்செகண்டுக்குள்ளதான். அளவீட்டு நாய்ஸ் அதைவிடப் பெருசா இருந்தா கம்ப்யூட்டர் எதை வேணும்னாலும் தேர்ந்தெடுக்கும், ஆர்எம்எஸ் ரெண்டுலயும் அழகா இருக்கும். அடுத்த நாள் ஒருத்தர் 80 டிகிரியில ஒரு சோர்ஸைப் பாக்கப் போவார், மாடல் அங்க 23 ஆர்க்செகண்ட் தள்ளி நிக்கும். ஃபிட் தப்பில்ல, டேட்டா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத டேட்டா. அதனாலதான் தாழ்வா 15, 20 டிகிரியிலேருந்து மேல 80 வரைக்கும், அசிமத்துல சுத்தி எல்லாப் பக்கமும் சோர்ஸைப் பரப்பி அளக்கணும்னு அடிச்சுச் சொல்றாங்க. கூடவே எந்த நம்பர் எதோட பின்னிக் கிடக்குன்னு காட்டற, ஃபிட் குடுக்கற கோரிலேஷன் மேட்ரிக்ஸையும் ஒரு பார்வை பாக்கணும், நிறைய பேர் அந்த அட்டவணையைத் திறந்தே பாக்கறதில்ல.

இன்னொரு ஆள்மாறாட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. கடிகாரம் ஒரு செகண்ட் தப்புன்னா வானம் துருவ அச்சை மையமா வெச்சு 15 ஆர்க்செகண்ட் சுத்தின மாதிரி. அந்தச் சுழற்சியை ரெண்டா பிரிக்கலாம்: செங்குத்து அச்சைச் சுத்தி ஒரு பங்கு, வடக்கு தெற்கு கோட்டைச் சுத்தி ஒரு பங்கு. முதல் பங்கு அப்படியே அசிமத் என்கோடர் பூஜ்யப் பிழை மாதிரி இருக்கும், ரெண்டாவது பங்கு அப்படியே கிழக்கு மேற்கு சாய்வு மாதிரி இருக்கும், மாதிரின்னு கூட சொல்லக் கூடாது, கணக்குல ரெண்டும் ஒண்ணேதான். 30 டிகிரி அட்சரேகையில இருக்கற டிஷ்ஷுக்கு ஒரு செகண்ட் தப்பு 7.5 ஆர்க்செகண்ட் பூஜ்யப் பிழையாவும் 13 ஆர்க்செகண்ட் சாய்வாவும் வேஷம் போட்டு வரும். வானத்தை மட்டும் பாத்து எத்தனை ஆயிரம் அளவீடு எடுத்தாலும் இதைப் பிரிக்கவே முடியாது.

இது வெறும் கற்பனை இல்ல. நாம வெச்சிருக்கற யுடிசி நேரமும் பூமி நிஜமா சுத்தற யுடி1 நேரமும் 0.9 செகண்ட் வரைக்கும் விலகலாம், அந்த வித்தியாசத்தைக் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்ல போட மறந்தா 13 ஆர்க்செகண்டுக்கு மேல தப்பு வரும், ஆனா பாயிண்டிங் மாடல் அதை முழுங்கிடும், யாருக்கும் தெரியாது. அப்புறம் ஒரு லீப் செகண்ட் வரும் (யுடிசியைப் பூமி சுழற்சியோட ஒட்ட வைக்கச் சேக்கற ஒரு செகண்ட், கடைசியா வந்தது 2016 டிசம்பர் 31). அன்னைக்கு ராத்திரியோட ராத்திரியா டிஷ்ஷோட அஸ்திவாரம் சாய்ஞ்சுட்ட மாதிரி மாடல் காட்டும். தீர்க்கரேகையைத் தப்பா போட்டாலும் இதே கதைதான், அட்சரேகையைத் தப்பா போட்டா வடக்கு தெற்கு சாய்வு. இதைப் பிரிக்க ஒரே வழி வானத்தைச் சேராத ஒரு சாட்சி: டிஷ்ஷுமேல ஒரு டில்ட்மீட்டரை வெச்சு அசிமத்துல ஒரு முழுச் சுத்து மெதுவா சுத்தினா, அச்சு நிஜமா எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு அது ஒரு சைன் அலையா எழுதிக் காட்டிடும். மாடல் சொல்ற சாய்வும் டில்ட்மீட்டர் சொல்ற சாய்வும் ஒத்துப் போகலன்னா நேரத்தையும் இடத்தையும் போய்ப் பாக்கணும். அப்பவும் சில ஆர்க்செகண்ட் ஒட்டாம நிக்கலாம், ஜிபிஎஸ் சொல்ற செங்குத்தும் அந்த இடத்துல குண்டுநூல் தொங்கற செங்குத்தும் ஒண்ணு இல்ல, மலைப்பகுதியில அது நல்லாவே விலகும். அது பிழையே கிடையாது, ஆனா கணக்குல அதுக்கும் ஒரு இடம் வேணும்.

அளக்கற முறை கேக்க சிம்பிள். பிரகாசமான, சின்னதா இருக்கற, இடம் துல்லியமா தெரிஞ்ச சோர்ஸை எடுக்கணும், 3சி 273, 3சி 84 மாதிரி குவேசார்கள், ரேடியோ கேலக்ஸிகள், மில்லிமீட்டர் அலைநீளத்துல கிரகங்கள். அதுக்குக் குறுக்கால அசிமத் திசையில ஒரு ஸ்கேன், எலிவேஷன் திசையில ஒரு ஸ்கேன், ரெண்டுலயும் ஒரு காஸியன் பொருத்தினா உச்சி எவ்வளவு தள்ளி இருக்குன்னு வந்துடும். துல்லியம் ஏறக்குறைய பீம் அகலத்தை சிக்னல்-நாய்ஸ் விகிதத்தோட ரெண்டு மடங்கால வகுத்தது, 40 ஆர்க்செகண்ட் பீமும் 20 விகிதமும் இருந்தா ஒரு ஆர்க்செகண்ட் கிடைக்கும். ஆனா அது நாய்ஸால வர்ற தப்பு மட்டும். எலிவேஷன் ஸ்கேன்ல கீழ போகப் போக காத்து மண்டலமும் தரையும் கூடுதலா ஒளிரும், பேஸ்லைன் (சோர்ஸ் இல்லாதப்ப வர்ற அடிமட்ட அளவு) சரிவா இருக்கும், சரிவைச் சேத்துப் பொருத்தலன்னா உச்சி ஒரு பக்கமா நகரும். டேட்டாவோட நேரமுத்திரை 0.1 செகண்ட் தப்பு, ஸ்கேன் வேகம் செகண்டுக்கு 60 ஆர்க்செகண்ட்னா 6 ஆர்க்செகண்ட் அங்கயே போச்சு. இதுக்கு மருந்து ரொம்ப எளிசு, போற திசையில ஒண்ணு திரும்பி வர்ற திசையில ஒண்ணு எடுத்து சராசரி போட்டா தப்பு கழிஞ்சுடும், வித்தியாசத்தைப் பாதியாக்கினா அந்தத் தப்பு எவ்வளவுன்னும் தெரிஞ்சுடும். ஒத்த திசையில மட்டும் ஸ்கேன் பண்ணின பாயிண்டிங் டேட்டாவ நான் நம்பறதில்ல.

பழைய திருத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை. டிஷ் ஏற்கனவே ஒரு மாடலைப் போட்டுக்கிட்டுத்தான் ஓடும், அதனால அளந்து வர்ற ஆஃப்செட் மிச்சம் மட்டும். புது மாடல் வேணும்னா பழைய திருத்தத்தைத் திரும்பக் கூட்டிட்டு ஃபிட் பண்ணணும், இல்லன்னா வந்த நம்பரைப் பழசோட கூட்டணும், ரெண்டுல ஒண்ணு. பிளஸ் மைனஸ் குழப்பம் வர்றது பெரும்பாலும் இங்கதான், தப்பு ரெட்டிப்பாகி நிக்கறத வெச்சு அதைக் கண்டுபிடிக்கலாம். அசிமத் ஆஃப்செட்ட எலிவேஷனோட காஸால பெருக்காம அப்படியே ஃபிட்ல போடறதும் இதே வகை, உச்சிக்குப் பக்கத்துல 89 டிகிரியில வானத்துமேல 10 ஆர்க்செகண்ட் காலிமேஷன் பிழை அசிமத் எண்ணுல 570 ஆர்க்செகண்டா தெரியும், அந்த ஒத்தப் புள்ளி மொத்த ஃபிட்டையும் தன் பக்கம் இழுத்துடும்.

ஏழு டெர்முக்கு அப்புறம் மிச்சம் நிக்கறத ரெசிட்யுவல்னு சொல்வாங்க, அதை அசிமத்துக்கு எதிரா ஒரு தடவை, எலிவேஷனுக்கு எதிரா ஒரு தடவை, நேரத்துக்கு எதிரா ஒரு தடவை வரைஞ்சு பாக்கணும். அசிமத் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள ரெண்டு தடவை ஏறி இறங்கற அலை தெரிஞ்சா சக்கரம் ஓடற டிராக் மட்டமா இல்லன்னு சந்தேகப்படலாம். க்ரீன் பேங்கோட டிராக் 64 மீட்டர் விட்டம், அதை முழு வட்டத்துக்கும் மட்டமா வெச்சிருக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. இந்த இடத்துல ஒரு ஆசை வரும், இன்னும் நாலு சைன், நாலு காஸ் போட்டா ஆர்எம்எஸ் இறங்குதேன்னு. இறங்கத்தான் செய்யும், எதைப் போட்டாலும் இறங்கும். டேட்டால ஒரு பங்கை ஒளிச்சு வெச்சுட்டு மிச்சத்துல ஃபிட் பண்ணி, ஒளிச்சு வெச்சதுல சோதிச்சுப் பாத்து அங்கயும் இறங்கினாத்தான் அந்த டெர்முக்கு உரிமை. என்னோட கருத்து இன்னும் கொஞ்சம் கடுமை: இந்த டெர்ம் எந்த இரும்புல எந்த குறையால வருதுன்னு ஒரு வரியில சொல்ல முடியலன்னா அதை மாடல்ல விடக் கூடாது, காரணம் தெரியாத டெர்ம் அடுத்த சீசன்ல எப்படி நடந்துக்கும்னு யாருக்கும் தெரியாது.

காத்து மண்டல வளைவு தனிக் கதை. ஒளி டெலஸ்கோப் ஃபார்முலாவ எடுத்து ரேடியோவுல போட்டுடறவங்க உண்டு, அது தப்பு. காத்துல இருக்கற நீராவி ஒளியை அவ்வளவா வளைக்காது, ரேடியோ அலையை நல்லாவே வளைக்கும். கடல்மட்டத்துல 27 டிகிரி செல்சியஸ்ல உலர்ந்த காத்து மட்டும் 45 டிகிரி எலிவேஷன்ல சுமார் 54 ஆர்க்செகண்ட் வளைக்கும், அதுல நீராவி அழுத்தம் 30 மில்லிபார் சேந்தா இன்னொரு 25 ஆர்க்செகண்ட் கூடும். 20 டிகிரிக்கு இறங்கினா ரெண்டும் 2.7 மடங்கு. அதனால வறண்ட குளிர்காலத்துல ஃபிட் பண்ணின மாடலை ஈரமான சீசன்ல ஓட்டணும்னா, வளைவை மாடலுக்குள்ள அடைக்காம, வெதர் ஸ்டேஷன் சொல்ற அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூணையும் வெச்சு நிமிஷத்துக்கு நிமிஷம் தனியா கணக்குப் போடணும். மாறாத விஷயம் மாடல்ல, மாறுற விஷயம் வெளிய. ஈரப்பதம் காட்டற சென்சார் ஒண்ணு கெட்டுப் போனா மொத்த டெலஸ்கோப்பும் எலிவேஷன்ல நகரும்ங்கறது பலருக்கு ஆச்சரியமா இருக்கும்.

புவியீர்ப்பு பெரிய எதிரி மாதிரி தெரியும், உண்மையில அது ரொம்ப ஒழுங்கான ஆள். இன்னைக்கு 40 டிகிரியில எப்படி வளைச்சதோ பத்து வருஷம் கழிச்சும் அப்படியேதான் வளைக்கும். 1967ல செபாஸ்டியன் ஃபான் ஹோர்னர் சொன்ன ஹோமாலஜி யோசனை இதை நம்பித்தான்: வளையாம கட்ட முடியாது, ஆனா வளைஞ்சாலும் பரவளையம் இன்னொரு பரவளையமாவே மாறற மாதிரி கட்டலாம், ஃபோகஸ் நகரும், அந்த நகர்வைக் கணக்குல பிடிச்சுக்கலாம். ஜெர்மனியில எஃபெல்ஸ்பெர்க் 100 மீட்டர் டிஷ் 1970களோட தொடக்கத்துல இந்த யோசனையிலதான் வந்தது.

தலைவலி குடுக்கறது வெயில். எஃகு ஒரு டிகிரிக்கு நீளத்துல பத்து லட்சத்துல 12 பங்கு நீளும். 20 மீட்டர் உயரத்துல ரெண்டு தாங்குகால், நடுவுல 10 மீட்டர் இடைவெளி, ஒண்ணுமேல வெயில் பட்டு இன்னொண்ணைவிட ஒரே ஒரு டிகிரி சூடாச்சுன்னா 0.24 மில்லிமீட்டர் உசரும், அது 5 ஆர்க்செகண்ட் சாய்வு. ஒரு டிகிரிக்கே இப்படி. சூரியன் உதிக்கற நேரமும் மறையற நேரமும் மோசம், அப்பதான் ஒரு பக்கம் மட்டும் வேகமா மாறும், ராத்திரி பாதிக்கு மேல எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்து அமைதியாயிடும், நல்ல பாயிண்டிங் மாடல் பெரும்பாலும் ராத்திரி டேட்டாவுல எடுக்கறது அதனாலதான். இதுக்கு ஆளாளுக்கு ஒரு வழி. ஸ்பெயின்ல பீக்கோ வெலெட்டா மலைமேல இருக்கற ஐராம் 30 மீட்டர் டெலஸ்கோப் டிஷ்ஷோட பின்சட்டத்தை மூடிப் போட்டு உள்ள வெப்பத்தையே கட்டுப்பாட்டுல வெச்சிருக்கு. சிலியில ஆல்மா டிஷ்கள்ல அவ்வளவா நீளாத கார்பன் ஃபைபர் சேத்திருக்காங்க, அந்த 12 மீட்டர் டிஷ்ஷுக்குக் கேட்ட துல்லியம் வானம் முழுக்க 2 ஆர்க்செகண்ட், பக்கத்துல தெரிஞ்ச சோர்ஸை வெச்சு சரிபாத்த பிறகு 0.6. க்ரீன் பேங்க்ல சட்டம் முழுக்க வெப்ப சென்சார் ஒட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வித்தியாசத்துலேருந்து ஆஃப்செட்ட கணிக்கறாங்க, அதுவும் பாயிண்டிங் மாடல் மாதிரியே ஒரு நேர்கோட்டுக் கணக்குதான், கோணத்துக்குப் பதிலா டெம்பரேச்சர்.

எவ்வளவு பண்ணினாலும் மிச்சம் இருக்கத்தான் செய்யும், அதைப் பிடிக்கறது ரெஃபரன்ஸ் பாயிண்டிங். நீங்க பாக்க வேண்டிய மங்கலான சோர்ஸுக்குப் பக்கத்துல ஒரு பிரகாசமான சோர்ஸைப் பாத்து ஆஃப்செட் அளந்து, அதை அப்படியே எடுத்துக்கிட்டு இங்க வர்றது. அமெரிக்காவுல இருக்கற விஎல்ஏ டிஷ் கூட்டத்துல அதிக அதிர்வெண்ல வேலை செய்யும்போது மணிக்கொரு தடவை மாதிரி இதைப் பண்றாங்க, அதுவும் அகலமான பீம் இருக்கற 8 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்ல அளந்து 43 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டு போறாங்க, ஏன்னா 43ல பீம் ஒரு ஆர்க்மினிட்தான், அதுல தேடறது சிரமம். ஆனா ஒவ்வொரு ரிசீவரும் ஃபோகஸ்ல வேற வேற இடத்துல உக்காந்திருக்கும், 10 மீட்டர் ஃபோகல் நீளத்துல ஃபீட் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டுல நகர்ந்தா பீம் 20 ஆர்க்செகண்ட் பக்கம் போகும். அதனால ரிசீவருக்கு ரிசீவர் இருக்கற வித்தியாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், ஏதோ ஒரு ரிசீவரைக் கழட்டி மாட்டினாங்கன்னா அதைத் திரும்ப அளந்தே ஆகணும்.

காத்து அடிக்கும்போது மேல சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது, அது செகண்டுக்கு செகண்ட் மாறும், சோர்ஸைத் தேடி அளந்துட்டு வர்றதுக்குள்ள அடுத்த வீச்சு வந்துடும். ஒத்த டிஷ்ஷா இருந்தா காத்து ஒரு அளவைத் தாண்டினா அதிக அதிர்வெண் வேலையை நிறுத்திட்டு கீழ் அதிர்வெண்ணுக்குப் போயிடறதுதான் நடைமுறை. டிஷ் கூட்டமா இருந்தா இன்னொரு வழியும் இருக்கு: பார்வைப் பரப்புல பரவலா பிரகாசமான சோர்ஸ்கள் இருந்தா, ஒவ்வொரு டிஷ்ஷும் அந்தந்த நேரத்துல எவ்வளவு தள்ளிப் பாத்துச்சுன்னு எடுத்த டேட்டாவுலேருந்தே பின்னாடி தீர்வு காணலாம். சரிவுல இருக்கற சோர்ஸ்கள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கறதுதான் அங்க தடயம். கணக்கு கனமானது, சிக்னல் நிறைய வேணும், மங்கலான பரப்புல வேலை செய்யாது, ஆனா வேலை செய்யற இடத்துல டிஷ் நின்னு முடிச்சு மாசக்கணக்கு ஆன பிறகும் அது எங்க பாத்துச்சுன்னு திருத்திக்க முடியுது.